பவுடர் ஷிஃப்ட், கேன் ஷிஃப்ட்

அந்தப் பொது நீச்சல் குளத்துக்குக் காலையில் வருகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீர்ச் சத்தம் அல்ல, பவுடர் அக்காவின் சத்தம். "ஏய், சிவப்பு டவல்! உடம்பைக் கழுவிட்டு எறங்கு! அழுக்கோட வந்து குதிக்கிறதுக்கு இது என்ன உங்க வீட்டுத் தொட்டியா?" சிவப்பு டவல்காரருக்குத் தொப்பை பெரிது, வயதும் பெரிது. ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் ஷவர் பக்கம் திரும்பிப் போவார். பேசினால் இன்னும் நாலு கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் என்று சொல்வார்கள். அது தப்பு. நுனிக்கு வந்து நிற்கிற அளவுக்கெல்லாம் அவள் கோபத்துக்குப் பொறுமை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இப்படி இல்லை என்று அங்கே டிக்கெட் கிழிக்கிற கிழவர் சொல்வார். அப்போது உடை மாற்றும் அறைகளைக் கழுவுகிற வேலை. தலை நிமிராமல் வருவாள், தலை நிமிராமல் போவாள். ஒருநாள் குளத்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. அன்றைக்குக் குளத்தைப் பார்த்துக்கொண்டவன், "லேசான கலங்கல்தான், எறங்குங்க எறங்குங்க" என்று எல்லோரையும் விட்டுவிட்டான். கொஞ்ச நேரத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒருத்தியின் காலில் ஏதோ மெத்தென்று தட்டியது. தூக்கிப் பார்த்தால் ஒரு சின்னப் பிள்ளை. எவ்வளவு நேரமாக அடியில் கிடந்ததோ, ஒருவர் கண்ணிலும் படவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டது, பெற்றவர்கள் செய்த புண்ணியம். ஆனால் துடைப்பத்தோடு ஓரத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்தவளுக்கு அன்றைக்குத் திறந்த வாய் பிறகு மூடவே இல்லை. அந்த ஆளை அவள் கேட்ட கேள்வியில் அவன் வேலையை விட்டே போய்விட்டான். அவன் இடத்தை இவளுக்கே கொடுத்தார்கள்.

அவளிடம் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. குளத்தின் அடியில் நீளமாகக் கறுப்புக் கோடு போட்டிருக்கிறது. கரையில் நின்றால் அந்தக் கோடு ஓரம் பிசிறில்லாமல் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் யாரும் இறங்கக் கூடாது. ஊருக்கே பெரிய ஆள் வந்தாலும் சரி, அவர் வீட்டு மாப்பிள்ளை வந்தாலும் சரி.

அந்தக் கோடு தெரிவதற்கு அவள் நம்பியது பவுடரை. குளத்துக் கிருமியைக் கொல்லுகிற பிளீச்சிங் பவுடர். அதைப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. பக்கெட்டில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பவுடர். மாற்றிச் செய்தால் பொங்கி மூஞ்சியில் அடிக்கும். நன்றாகக் கலக்கி ஓரமாக வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் குளத்தின் விளிம்பில் ஊற்றிக்கொண்டே நடக்க வேண்டும். மூக்கைச் சுற்றித் துணி கட்டினாலும் தூசி உள்ளே போகும், தொண்டை எரியும். அவளுடைய புருவம் பாதி நாள் வெள்ளையாகத்தான் இருக்கும். பவுடர் அக்கா என்ற பெயர் அப்படி வந்தது.

சாயங்கால ஷிஃப்ட்டில் இருந்தவள் கேன் அக்கா. பவுடர் அக்காவின் நாத்தனார், கணவனின் தங்கை. கேன் அக்காவைக் கட்டினவன் ஒருநாள் வேலை தேடிப் போகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணிதான் கையோடு கூட்டிப் போய்க் குளத்தில் சேர்த்துவிட்டாள். தொழிலைக் கற்றுக்கொடுத்ததும் அண்ணிதான். ஆனால் கற்றுக்கொண்டவள் பவுடர் பக்கமே போகவில்லை. லிக்விட்தான் அவளுக்கு. கேன் கேனாக வருகிற மஞ்சள் நிறத் திரவம். மூடியைத் திறந்து ஊற்ற வேண்டியதுதான். தூசி இல்லை, வண்டல் இல்லை, ஓடுகளில் வெள்ளை படிவதில்லை.

"உங்க பவுடரை வழிச்சு எடுத்தே எனக்கு நகம் தேய்ஞ்சு போச்சு அண்ணி. ஃபில்டரைத் தொறந்து பாருங்க, உள்ள சுண்ணாம்புக் காளவாயே நடக்குது."

"உன் கேன் மட்டும் என்ன, ரொம்ப ஒழுங்கோ? வந்து எறங்குறப்ப வீரம். நாலு நாள் வெயில்ல நின்னா செத்த தண்ணி. அதை ஊத்துறதும் ஒண்ணு, குழாத் தண்ணியை ஊத்துறதும் ஒண்ணு."

கொடுமை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதும் சரி. பவுடர் நாள்பட்டாலும் சக்தி குறையாமல் டிரம்மில் கிடக்கும், ஆனால் சுண்ணாம்பைக் கொண்டுவந்து தண்ணீரில் கொட்டும். லிக்விட் சுத்தம், ஆனால் வெயில் பட்டால் வீரியம் போகும், தூக்குகிறவளுக்கு முதுகு போகும், தெறித்த துணி போகும். அதோடு தண்ணீரின் பிஹெச்சை, அதாவது காரத்தை, ஏற்றிவிடும். ஏறியதைக் கொஞ்சம் ஆசிட் விட்டு இறக்க வேண்டும். இறக்காமல் மேலே பவுடரைப் போட்டால் சுண்ணாம்பு கரையாது. குளமே வெளுத்துப் போகும்.

யார் ஒருவர் தெளிவாக ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டுமோ அவர் மேனேஜர். அந்த மனிதருக்கு முடிவெடுப்பதென்றால் காய்ச்சல் வந்துவிடும். "நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடுதானே, பேசி ஒண்ணாச் சொல்லுங்களேன்" என்றார். ஒன்றாகச் சொல்வார்களா இவர்கள்? கடைசியில் இரண்டையுமே வாங்கிப் போட்டார். காலையில் பவுடர், சாயங்காலம் கேன். பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக அவருக்கு ஏக சந்தோஷம். இப்படிப்பட்ட ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

அப்படியும் வண்டி ஓடியது என்றால் அதற்குக் காரணம் ஒரு பழக்கம். பம்ப் ரூமில் எதையும் எழுதிவைக்க முடியாது. அந்த ஈரத்தில் காகிதம் ஊறிப் போகும், சுவரில் சாக்பீஸ் வழிந்துவிடும். அதனால் மதியம் ஷிஃப்ட் மாறும்போது அங்கேயும், ராத்திரி வேலை முடிந்து வந்தால் வீட்டிலும் வாயால் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். என்ன போட்டேன், எவ்வளவு போட்டேன், ஆசிட் விட்டேனா இல்லையா, அடுத்து நீ என்ன செய்ய வேண்டும். வாங்கிக்கொள்கிறவள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பம்ப் இரைச்சலில் காது கேட்காது, ஆகவே கத்தித்தான் சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்கள் தினமும் அடிதடி என்று நினைப்பார்கள். உள்ளே வேலை சுத்தமாக நடந்துகொண்டிருக்கும்.

பவுடர் அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் சாலையில். "வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி வச்சிருக்கேன். ஓட்டுக் கேட்டு வராததுதான் பாக்கி" என்பார். "உங்க ரெண்டு பேரையும் கரைச்சு ஊத்தினா பவுடரும் வேணாம் லிக்விடும் வேணாம், கிருமி தானா ஓடிப்போயிடும்" என்பார். பெண்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து முறைக்கும் ஒரே ஆள் அவர்தான்.

அந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை உண்டு. அதற்கு நடக்கத் தெரிந்த கொஞ்ச நாளிலேயே நீந்தத் தெரியும். பெற்றவள் குளத்தைச் சுத்தமாக வைத்தாள், இடுப்பைப் பிடித்து நீந்தக் கற்றுக்கொடுத்தது அத்தை. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற வயதில் தண்ணீருக்குள் அந்தப் பிள்ளை போகிற போக்கைப் பார்க்கவே சிலர் கரையில் நிற்பார்கள். மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கப்போவதாகவும், இந்த முறை தேர்வு இந்தக் குளத்திலேயே நடக்கும் என்றும் செய்தி வந்தபோது பவுடர் அக்கா யாரையும் திட்டாமல் ஒரு முழுக் காலையைக் கழித்தாள். சிவப்பு டவல்காரர் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். ஒரே ஒரு சங்கடம் இருந்தது. பிள்ளைக்கு வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இது தவறினால் இன்னொன்று இல்லை.

தேர்வுக்குத் தேதி குறித்த சமயம் பார்த்துத்தான் பிள்ளைக்குக் கண் சிவந்தது. கழுத்தில் தடிப்பு. வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அத்தை ஆரம்பித்தாள்.

"பவுடரைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்க அண்ணி. பிள்ளை கண்ணைப் பாருங்க."

"ஏன், உன் லிக்விட் கண்ணுக்கு மை தீட்டுதோ?"

"வம்புக்குச் சொல்லல அண்ணி. பிள்ளைக்கு ஆகல, அவ்வளவுதான். எனக்குத் தெரியுது."

"பெத்தவ எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?"

வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார். நாத்தனார் எழுந்து கையைக் கழுவினாள். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகச் சாத்திக்கொண்டாள். சொன்னது தப்பு என்று சொன்ன வாய்க்கே அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தப்பு என்று தெரிந்ததனால்தான் கோபம் இன்னும் ஏறியது. கதவை அடித்துச் சாத்தியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருக்கலாம். இப்படி மெதுவாகச் சாத்தினால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு நின்றது. நடுவில் பிள்ளை தபால்காரி ஆனாள். "அம்மா, அத்தைக்குத் தலைவலியாம், சாப்பாடு வேணாமாம்." "அத்தை, அம்மா கேக்கச் சொன்னாங்க, சோப்பு எங்க வச்சீங்கன்னு." வீட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. பம்ப் ரூமிலும் அப்படியே ஆனது. மதியம் பயிற்சிக்கு வருகிற பிள்ளை தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "அம்மா ரெண்டு குவளை போட்டிருக்காங்களாம், ஆசிட் விட்டாச்சாம்" என்று சொல்லும். மூன்றடி தூரத்தில் நிற்கிற அத்தை, "சரின்னு சொல்லு" என்பாள். எருமை மாட்டு வயதில் இரண்டு பேர் செய்கிற வேலையா இது? கேட்டால் இரண்டு பேருக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி. பவுடர் அக்கா சமையலறையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை தன் நீச்சல் உடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தது.

"உங்க அத்தை வந்துட்டாளா? இன்னிக்கு என்ன ஊத்தினாளாம், கேட்டியா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

பிள்ளை பையின் ஜிப்பை இழுத்து மூடியது. "நீயே கேளு. ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். நாளைக்கு எனக்கு செலக்‌ஷன். இன்னிக்கு ஒரு நாளாவது என்னை விடுங்க." அந்தப் பிள்ளை குரல் உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டது.

"பாரு, வளர்த்த லட்சணத்தை" என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள் பவுடர் அக்கா. அத்தைக்காரிதான் பிள்ளையைத் தூண்டிவிட்டிருப்பாள் என்று தோன்றியது. தோன்றிய உடனே நம்பியும் விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சமையலறை வாசலில் ஆள் அரவம். திரும்பாமலே யார் என்று தெரிந்தது. குளத்திலிருந்து வந்தால் அவள்மேல் ஒரு லிக்விட் வாடை இருக்கும். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் நாத்தனார். தொண்டையைச் செருமினாள். "அண்ணி" என்று சொல்வதுபோல் இருந்தது, சொல்லாததுபோலும் இருந்தது.

பவுடர் அக்கா குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் அறைந்தது. ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்துத் தேவையே இல்லாமல் இன்னொன்றின்மேல் போட்டாள். மறுபடி ஒன்று. திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. குழாயை மூடினாள். ஜெயித்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் விடியும்போதே குளத்துக்குப் போய்விட்டாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கோடு தெரிந்தது. ஆனால் பளிச்சென்று இல்லை, ஒரு மங்கல் இருந்ததுபோல் பட்டது. தன் பிள்ளை நீந்தப்போகிற தண்ணீர் கண்ணாடியாக இருக்க வேண்டாமா? கேன்கள் பம்ப் ரூமுக்கு வெளியே வெயில் படுகிற பக்கம் அடுக்கியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். நேற்று ஊற்றியது அத்தனையும் செத்த லிக்விட்டாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினாள்.

மற்ற நாளாக இருந்தால் முதல் காரியமாகக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் டிரம்மில் கை வைப்பாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த முறையை விட்டதில்லை. அன்றைக்கு விட்டாள். 'அவ ஊத்தினதைச் சோதிக்கிறதுக்கு என்ன இருக்கு' என்ற கோபம். குவளை குவளையாகப் பவுடரை அள்ளிக் கரைத்தாள். வழக்கத்தைவிட ரொம்பவே அதிகம். தெளியட்டும் என்று காத்திருக்கவும் நேரமில்லை, வாசலில் வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. கலங்கலோடு ஊற்றிக்கொண்டே நாலு பக்கமும் நடந்தாள்.

அவள் ஊற்றிய இடத்திலிருந்து வெள்ளை கிளம்பியது. முதலில் ஓரத்தில், பிறகு படிக்கட்டுப் பக்கம், பிறகு நடுவில். கலைந்துவிடும் என்று பார்த்தாள். கலையவில்லை, பரவியது. ஓடிப்போய்ச் சோதனைக் குழாயை எடுத்துத் தண்ணீர் பிடித்துச் சொட்டு விட்டாள். ரத்தச் சிவப்பாக ஏறி நின்றது. பிஹெச் எங்கேயோ போய்விட்டிருந்தது. நேற்று விட்டது செத்த லிக்விட்டே அல்ல. புதுக் கேன்கள், அதுவும் வழக்கத்தைவிடக் கூடுதலாக. ஆசிட் விடவே இல்லை. அதன் தலைமேல் இவள் இத்தனை பவுடரைக் கொட்டியிருக்கிறாள்.

"பாவி, பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஆசிட்டை அளந்து விட்டாள். வெளுத்த குளம் தெளிய ஃபில்டர் ஒரு முழு நாளாவது ஓட வேண்டும் என்று தெரிந்தே விட்டாள்.

தேர்வுக்கு வந்த அம்மாள் உயரமானவர், கழுத்தில் விசில். கூட இரண்டு பேர். கரையில் வரிசையாகப் பிள்ளைகள், அவர்களில் இவளுடைய பிள்ளையும் தொப்பி மாட்டிக்கொண்டு. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பெற்றவர்கள் கூட்டம். அந்தக் கூட்டத்தில், தன்னிடம் இருந்ததிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு நாத்தனாரும் நின்றிருந்தாள். தண்ணீரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் வெளுப்பா இருக்கே?" என்றார் விசில் அம்மாள்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "மருந்து இப்பத்தான் போட்டிருக்கு மேடம், அதான். நல்ல சுத்தமான தண்ணி. கோடு தெரியுது பாருங்க, அதோ, தெரியுது."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். "எனக்குச் சரியாத் தெரியல. இங்க தண்ணிக்குப் பொறுப்பு யாரு?" எல்லோரும் பவுடர் அக்காவைப் பார்த்தார்கள். "நீங்க சொல்லுங்கம்மா. எறக்கலாம்னா எறக்கறேன். இல்லைன்னா நாங்க கிளம்பணும், மத்தியானம் அடுத்த ஊர்ல இருக்கு. இதுக்குன்னு இன்னொரு நாள் வர முடியாது."

"சொல்லுங்கக்கா, எறங்கலாம்னு சொல்லுங்க" என்றார் மேனேஜர், பல்லைக் கடித்துக்கொண்டு. "உங்க பொண்ணும்தானே நிக்குது!"

அவள் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை இறங்கினால் மீன் மாதிரி போய்விடும். கோடு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, கண்ணை மூடிக்கொண்டே அந்தக் குளத்தை அளந்துவிடும். ஆனால் வரிசையில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் நின்றன. எல்லாம் முதல் இடத்துக்கு உயிரைக் கொடுத்து நீந்தப்போகிறவை. ஒன்றுக்குக் கால் பிடித்துக்கொண்டு அடிக்குப் போனால் இந்த வெள்ளையில் யாருக்குத் தெரியும்? அவள் தண்ணீரைப் பார்த்தாள். ஒருமுறை பார்த்த அந்தச் சின்ன முகம் நினைவுக்கு வந்தது.

"கோடு தெரியல" என்றாள். எப்போதும் குளம் முழுக்கக் கேட்கிற குரல் அன்றைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. "யாரும் எறங்கக் கூடாது."

அப்புறம் நடந்ததைச் சொல்லவா வேண்டும்? வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவில் பாதிக்கு மேல் அவளுக்கு நியாயமாகச் சேர வேண்டியதுதான். தன் பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று ஊர்ப் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டாள் என்றார்கள். தன் பிள்ளை வாயிலும்தான் போட்டாள் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அவள் தேர்வாளர்களின் வண்டி வாசலைத் தாண்டுகிறவரை நின்றாள். பிறகு பம்ப் ரூமுக்குள் போய்க் காலியான கேன் ஒன்றை ஓங்கி உதைத்தாள். அது உருண்டு பிள்ளையின் காலடியில் நின்றது. பிள்ளை பின்னாலேயே வந்திருந்தது.

"பாத்தியா உங்க அத்தை செஞ்ச வேலையை!" என்று கத்தினாள். "கேன் கேனா கவுத்து வச்சிருக்கா! ஆசிட் விடல! விடலைன்னு ஒரு வார்த்தை சொன்னாளா? அவ்வளவு வன்மம்! எம் பொண்ணு மேல வரக் கூடாதுன்னு..."

"அம்மா."

"என்னடி அம்மா?"

"அத்தை நேத்து சொல்லத்தான் வந்தாங்க. எங்கிட்டதான் மொதல்ல சொன்னாங்க. தண்ணி பளிச்சுனு இருக்கணும்னு புதுக் கேன்ல கூடுதலா விட்டிருக்கேன், பிஹெச் ஏறும், காலையில மொதல்ல ஆசிட் விடணும், பவுடர் போடவே வேணாம், அம்மாகிட்ட சொல்லுன்னாங்க. நான் மாட்டேன், நீங்களே சொல்லுங்கன்னுட்டேன்." பிள்ளை மூச்சு வாங்கியது. "உடனே எழுந்து வந்தாங்க. சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாங்க. நான் ரூம்லேருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

பம்ப் இரைந்துகொண்டிருந்தது. குழாய், பாத்திரம், நிலையைப் பிடித்திருந்த கை எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. அவளுக்குக் கோபப்பட ஆள் தேவைப்பட்டது. யாரும் கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். நல்ல உடையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். வந்தவளைக் கண்டதும் பவுடர் அக்காவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏன்டி, வந்தவ சொல்லிட்டுப் போறதுக்கென்ன? வாய் ஊமையாப் போச்சா?"

"குழாயைத் திருப்பி விட்டீங்களே!"

"அதைத் தாண்டிக் கத்தறது! இங்க தினமும் கத்தலையா நீ?"

"உங்க வீட்டுல வந்து கத்தறதுக்கு நான் யாரு? பெத்தவளா?"

இத்தனை நாளாக மெதுவாகச் சாத்திய கதவு இப்போதுதான் அடித்துத் திறந்தது. பவுடர் அக்காவின் முகம் கறுத்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அதுவும் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது.

"தப்புதான்!" என்று கத்தினாள். "அந்த வார்த்தை தப்புதான்! போதுமா? பெத்தவதான் இன்னிக்கு எம் பொண்ணு வாழ்க்கையில சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தியிருக்கேன்! இன்னும் என்ன வேணும் உனக்கு, கால்ல விழணுமா?"

"கால்ல விழ வேணாம்! என்ன போட்டீங்கன்னு மொதல்ல சொல்லுங்க!"

"பவுடர்! வழக்கத்தைவிட மூணு மடங்கு! தெளிய வைக்கல!"

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணல!"

"டெஸ்ட் பண்ணலையா? நீங்களா?"

"ஆமா, நானேதான்! அப்புறம்தான் ஆசிட் விட்டேன். முழுசா விடல, பாதி அளவு!"

"மீதியை நான் விடறேன். ஃபில்டரை ரெண்டு தடவை கழுவணும். இன்னிக்குப் பவுடரும் வேணாம், கேனும் வேணாம்!"

"மீதி ஆசிட் நீ விடுற. ஃபில்டரை ரெண்டு தடவை கழுவணும். பவுடரும் வேணாம், கேனும் வேணாம்" என்று இவள் திருப்பிச் சொன்னாள். கத்திக்கொண்டே, அழுதுகொண்டே, ஒரு வார்த்தை விடாமல். பழக்கதோஷம். வெளியே டிக்கெட் கிழிக்கிற கிழவர், பெண்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கொன்றுவிடப்போகிறார்கள் என்று கதவருகே ஓடிவந்து நின்றார்.

பிள்ளை இன்னும் வாசற்படியில்தான் நின்றது. தலையில் மாட்டியிருந்த தொப்பியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதைக் கழற்றிப் பைக்குள் திணித்தது. இரண்டு பேரும் அப்போதுதான் அதைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தச் சண்டையை நேத்தே போட்டிருக்கக் கூடாதா?" என்றது பிள்ளை.